மூளை நோய்க்கு எதற்கு வயிற்று ஸ்கேன்?

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் மனிதர்களிடம் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது வேலூரில். ஆண்டு 1955. அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் காய்ச்சலும் வலிப்புமாகக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளைப் பார்த்த மருத்துவர்கள், இது பூச்சிகள் பரப்பும் வைரஸின் வேலையாக இருக்கக்கூடும் என்று ஐயுற்றனர். வயல்வெளிக் கொசுக்களைக் கட்டுப்படுத்துவதிலிருந்து, 2006-இல் நாட்டில் தொடங்கிய தடுப்பூசி இயக்கம் வரை பின்னர் நடந்த அனைத்துக்கும் அத்தகைய ஐயமே தொடக்கம்.

எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், மற்றொரு வகை மூளை அழற்சியைப் பற்றி அதே விழிப்புடன் ஐயுற வேண்டிய தேவை உள்ளது. இது கொசுவால் வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அன்று. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்குவதால் ஏற்படுவது. ஆட்டோஇம்யூன் மூளை அழற்சி என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்நோய்த் தொகுதியில் நன்கு அறியப்பட்டது, என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சி. இது பெரிதும் தாக்குவது இளம்பெண்களை. இதன் மூலகாரணத்தைத் தேட மருத்துவர் பார்க்க வேண்டிய இடங்களுள் ஒன்று, தலையிலிருந்து வெகு தொலைவில், அடிவயிற்றில் இருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் பகுதிக்கு இச்செய்தி தனிப் பொருளுடையது. இங்குள்ள காலணித் தொழிற்சாலைகளின் தையல் பிரிவுகளையும் ஒட்டும் பிரிவுகளையும் தாங்கி நிற்பவர்களுள் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்களுள் இளம் வயதினர் ஏராளம். ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். தோல் பதனிடும் தொழிலோ, பாலாற்றில் கலந்த கழிவோ இந்நோயை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை. நிலத்தடி நீரைக் கெடுத்த பழி அத்தொழிலின் மீது உண்டு. 1996-இல் உச்ச நீதிமன்றம் அதைப் பதிவும் செய்துள்ளது. அதற்காக, எல்லா நோயையும் அதன் கணக்கில் எழுதிவிட முடியாது. இப்பகுதியைக் குறிப்பிடக் காரணம் வேறு: நோய் தாக்கும் வயதுப் பெண்கள் இங்கு ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போகிறார்கள், அவர்களின் கூலியை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன, நாட்டின் பெயர்பெற்ற மருத்துவ நகரம் ஆம்பூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இவ்வளவு அருகில் இருந்தும் நோயைக் காலத்தே கண்டறியத் தவறினால், குறையைத் தொலைவின் மீது சுமத்த இயலாது.

நோய் தொடங்கும் விதம் ஏமாற்றக்கூடியது. முதலில் சில நாள்கள் தலைவலி, லேசான காய்ச்சல். பிறகு தூக்கம் போய்விடும். இல்லாத குரல்கள் கேட்கும். யாரோ கொல்ல வருவதாக அச்சம் எழும். சிரிப்பும் அழுகையும் காரணமின்றி மாறி மாறி வரும். நேற்று வரை இயல்பாக இருந்த பெண் பெற்றோரையே அடையாளம் தெரியாதவள்போல் நடந்துகொள்வாள். அடுத்தடுத்த நாள்களில் வலிப்பு வரலாம். வாயும் நாக்கும் கைகளும் தாமாக அசையலாம். பேச்சு குறைந்து, சிலைபோல் உறைந்து போகலாம். சிலருக்கு இரத்த அழுத்தமும் சுவாசமும் நிலைகுலைந்து, வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க நேரிடும்.

இந்த முதல் வாரத்தில் குடும்பம் எங்கே போகும் என்பதை நாம் அறிவோம். வேலையில் மனஅழுத்தம் என்பார் ஒருவர். காதல் தோல்வி என்பார் மற்றொருவர். காற்று, கருப்பு என்பார் வேறொருவர். கோயில், தர்கா, ஜெபக்கூட்டம் என்று வழிகள் பிரியும். இறைநம்பிக்கை தரும் ஆறுதலைக் குறை கூற வேண்டியதில்லை. ஆனால், பித்து என்று முடிவுகட்டி மருத்துவத்தைக் கைவிடுவதன் விலை என்ன என்பதை 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி காட்டியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் அன்று தீயில் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. சட்டம் சங்கிலியைத் தடுக்கலாம்; வீணாகும் வாரங்களை மருத்துவ விழிப்பு மட்டுமே தடுக்க முடியும்.

மருத்துவமனைக்கு நேராகச் செல்பவர்களும் முதலில் மனநல மருத்துவரிடம்தான் போகிறார்கள். 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்நோய் உறுதிசெய்யப்பட்ட 100 பேரில் 77 பேரை முதலில் பரிசோதித்தவர்கள் மனநல மருத்துவர்கள். எனவே, இந்நோயைப் பிடிக்கும் பொறுப்பு நரம்பியல் துறைக்கு மட்டும் உரியதன்று.

அடிவயிற்றுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? விடை தெரிந்து இன்னும் 20 ஆண்டுகள் முழுமையாக ஆகவில்லை என்றே சொல்லலாம். 2005-இல், மனக்குழப்பம், நினைவிழப்பு, மூச்சுத்திணறல் ஆகியவற்றுடன் வந்த 4 பெண்களிடம் ஓர் ஒற்றுமையை ஆய்வாளர்கள் கண்டனர். நால்வருக்கும் சினைப்பையில் டெரடோமா என்னும் கட்டி இருந்தது. 2007-இல் ஸ்பெயின் நாட்டவரான நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவும் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் புதிரை அவிழ்த்தனர்.

டெரடோமா விந்தையான கட்டி. சினைமுட்டைக்கு மூலமான செல்களிலிருந்து உருவாவதால், அதற்குள் முடி, கொழுப்பு, பல் போன்றவை வளர்வதுண்டு. சிலவற்றில் நரம்புத் திசுவும் இருக்கும். பெரும்பாலான டெரடோமாக்கள் புற்றுநோய் அல்ல. பல பெண்களுக்கு எந்தத் தொல்லையும் தராமலே இருந்துவிடும். ஆனால், சிலரின் உடல் அந்த நரம்புத் திசுவை அந்நியம் என்று கருதி அதற்கு எதிரான எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்கிறது. மூளை நரம்பணுக்களின் மேற்பரப்பிலும் அதே என்எம்டிஏ ஏற்பிகள் இருப்பதால், அந்த எதிர்ப்பொருள்கள் அங்கும் சென்று அவற்றை முடக்குகின்றன. நினைவு, கற்றல், நடத்தை ஆகியவற்றுக்கு இந்த ஏற்பிகள் இன்றியமையாதவை. நம்பிக்கை தரும் செய்தியும் இதிலேயே இருக்கிறது. இந்நோயில் நரம்பணுக்கள் பெரும்பாலும் அழிந்துவிடுவதில்லை, ஏற்பிகள் மறைந்துபோகின்றன. எதிர்ப்பொருள்கள் குறைந்தால் ஏற்பிகள் மீள்கின்றன, மனிதரும் மீள்கிறார்.

2013-இல் வெளியான, 577 நோயாளிகளை உள்ளடக்கிய பன்னாட்டு ஆய்வு இதற்கு எண்களைத் தந்தது. அவர்களில் 81 விழுக்காட்டினர் பெண்கள். பெண்களில் 46 விழுக்காட்டினருக்குக் கட்டி இருந்தது. அவற்றுள் ஏறத்தாழ அனைத்தும் டெரடோமாவே. 12 வயதுக்கு உட்பட்ட சிறுமிகளிடமும் ஆண்களிடமும் கட்டி அரிதாகவே காணப்பட்டது. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் சிகிச்சையோ, கட்டி அகற்றமோ பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 4 வாரங்களுக்குள் முன்னேற்றம் கண்டனர். 24 மாதங்கள் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 81 விழுக்காட்டினர் பெரிய குறைபாடின்றித் தேறினர். நல்ல முடிவுக்கான காரணங்களுள் முதன்மையானது, சிகிச்சையை விரைந்து தொடங்கியது. கட்டியை முதல் 4 மாதங்களுக்குள் அகற்றியவர்களிடம் நோய் மீண்டும் தலைதூக்குவதும் குறைவு என்பதை 2008-ஆம் ஆண்டு ஆய்வே காட்டியிருந்தது.

ஆக, கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. கட்டி உள்ளே இருக்கும் வரை, ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் பிளாஸ்மா மாற்றமும் ஒரு பக்கம் நெருப்பை அணைக்க, மறுபக்கம் எண்ணெய் ஊற்றப்பட்டுக்கொண்டே இருக்கும்.

இங்குதான் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனின் இடம் வருகிறது. நோயை உறுதிசெய்யும் எதிர்ப்பொருள் சோதனைக்கு முதுகுத்தண்டு நீரை எடுத்து, தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். எம்ஆர்ஐ ஸ்கேன் அடிவயிற்றை இன்னும் தெளிவாகக் காட்டும். ஆனால், கட்டுக்கடங்காமல் புரளும் பெண்ணை அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுக்க வைக்க மயக்க மருந்து தேவைப்படும். அல்ட்ராசவுண்டுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. கதிர்வீச்சு கிடையாது. படுக்கையருகே கொண்டுவரலாம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் வயிற்றின் மேலிருந்தே சினைப்பையைப் பார்க்கலாம். நினைவிழந்த நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சிறுநீர்க் குழாயின் வழியே நீர் செலுத்தி நிறைத்துக்கொள்ளலாம். வட்ட மருத்துவமனை அளவிலும் கிடைக்கக்கூடிய கருவி இது.

அதேவேளை, இந்தக் கருவியால் முடியாததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிறிய டெரடோமா குடலில் உள்ள காற்றின் மறைவில் தப்பிவிடலாம். அதன் நிறம் சுற்றியுள்ள திசுவோடு கலந்துவிடலாம். எனவே, ஸ்கேன் இயல்பாக இருக்கிறது என்ற தாள், நோய் இல்லை என்பதற்கான சான்றிதழ் ஆகாது. இந்நோய் கண்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கட்டியே இருப்பதில்லை; அவர்களுக்கும் அதே எதிர்ப்பாற்றல் சிகிச்சை தேவை. அமெரிக்கப் பத்திரிகையாளர் சூசன்னா கஹாலன் 2009-இல் இந்நோயால் தாக்கப்பட்டார். அவருக்குக் கட்டி இல்லை. காலத்தே சிகிச்சை பெற்று மீண்டு, 2012-இல் தம் அனுபவத்தை நூலாகவும் எழுதினார். ஐயம் வலுவாக இருந்தால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும்; முதல் தேடலில் கட்டி கிடைக்காத வயதுவந்த பெண்களுக்குச் சில ஆண்டுகளுக்காவது குறித்த இடைவெளியில் மீண்டும் பார்க்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் தவறு நேரலாம். சினைப்பை நீர்க்கட்டிகள் இளம்பெண்களிடம் மிகப் பரவலானவை. ஸ்கேனில் ஏதோ தெரிந்தது என்பதற்காக அறுவைக்கு விரைவதும், எதுவும் தெரியாதபோதே சந்தேகத்தின் பேரில் சினைப்பையை எடுத்துவிடுவதும் அறமாகாது. டெரடோமா என்று உறுதியானாலும், இயன்றவரை கட்டியை மட்டும் எடுத்துச் சினைப்பையைக் காப்பதே இளம்பெண்களுக்கு ஏற்ற வழி. தாய்மை பாதிக்கப்படுமோ என்ற குடும்பத்தின் அச்சத்துக்கு, அறுவைக்கு முன்பே பொறுமையாக விடை சொல்லப்பட வேண்டும். மேலும், மனநலச் சிகிச்சைக்கு வரும் எல்லாப் பெண்களுக்கும் வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதமன்று. சில வாரங்களுக்குள் திடீரென மாறிய நடத்தை; அதோடு வலிப்பு, விபரீத அசைவு, பேச்சிழப்பு, நினைவு மங்கல், நிலையற்ற இரத்த அழுத்தம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று; அல்லது மனநல மருந்து கொடுத்ததும் உடல் விறைத்துக் காய்ச்சல் ஏறுதல். இவையே அபாய அறிகுறிகள். இவை தெரிந்தால், அடுத்த வாரம் என்று தள்ளிப் போடுவதற்கு இடமில்லை.

இவ்வளவு எளிய பரிசோதனைக்குத் தடை எது? முதல் தடை கூச்சம். திருமணமாகாத பெண்ணுக்கு அடிவயிற்று ஸ்கேன் என்றதுமே, அக்கம்பக்கத்தார் கர்ப்பம் என்று கதை கட்டுவார்களே என்று தாயின் முகம் வாடுகிறது. இந்தத் தயக்கத்தின் பழைய விலையை வேலூர் நன்கு அறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று குடும்பத்தினர் பிரசவ வேதனையில் இருந்த பெண்களுக்கு உதவி தேடி வந்தனர். ஆண் மருத்துவரை அனுமதிக்க மறுத்தனர். விடிவதற்குள் மூவரும் இறந்தனர். அந்த இரவே ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்க வைத்தது. 1900-இல் வேலூரில் அவர் தொடங்கிய சிறு மருந்தகமே இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. பெண்களின் கூச்சத்தை அவர் பழிக்கவில்லை. அதை மதித்து, மருத்துவத்தை அவர்கள் ஏற்கும் வடிவில் கொண்டுவந்தார். இன்றும் செய்ய வேண்டியது அதுவே. வயிற்றின் மேலிருந்தே ஸ்கேன் எடுப்பதை முதல் வழியாகக் கொள்வது, பெண் மருத்துவரை அமர்த்துவது, தாயையோ சகோதரியையோ உடனிருக்க விடுவது, எதற்காக இந்தப் பரிசோதனை என்பதைக் குடும்பத்தாருக்குத் தமிழிலோ உருதுவிலோ விளக்குவது ஆகியவற்றுக்குப் பெரும் செலவு பிடிக்காது.

இரண்டாவது தடை சட்டத்தைப் பற்றிய அச்சம். பெண் கருக்கொலையைத் தடுக்க 1994-இல் இயற்றப்பட்ட பாலினத் தேர்வுத் தடைச் சட்டம், ஸ்கேன் கருவிகளைக் கடுமையான கண்காணிப்பில் வைத்திருக்கிறது. அந்தக் கண்காணிப்பு தேவையானது, தளர்த்தக் கூடாதது. ஆனால், பதிவு பெற்ற மருத்துவமனை வளாகத்துக்குள், உள்நோயாளிக்காகக் கையடக்கக் கருவியைப் பயன்படுத்த 2012-ஆம் ஆண்டின் விதியே இடமளிக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுப் படுக்கையருகே சினைப்பையைப் பார்க்க அந்தச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. இதை மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் தெளிவாக எடுத்துரைத்தால் போதும்.

மூன்றாவது, துறைகளுக்கிடையே உள்ள சுவர். மனநல மருத்துவர் நரம்பியலுக்கு அனுப்புவார். நரம்பியலர் தலையை ஸ்கேன் செய்வார். மகளிர் நல மருத்துவர் வயிற்றுவலி இல்லாத பெண்ணைப் பார்க்கவே மாட்டார். மூளை ஸ்கேன் பல வேளைகளில் இயல்பாகவே இருப்பதால், வட்டம் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். 1949-இல் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி தொடங்கிய நகரம் வேலூர். மனநோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையை 1950-களிலேயே பாகாயத்தில் வளர்த்த நகரமும் அதுவே. துறைகள் ஒன்றுகூடிச் செயல்படுவதற்கு இதைவிடப் பொருத்தமான மண் எது? பெரிய மருத்துவமனையில் நடப்பது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கும், திருப்பத்தூர், ஆம்பூர் அரசு மருத்துவமனைகளுக்கும் ஒரு பக்க வழிகாட்டுதலாகவாவது சென்று சேர வேண்டும்.

நான்காவது, பணமும் காலமும். ஸ்கேன் மலிவானது, அதற்குப் பின் வருவது மலிவன்று. இம்யூனோகுளோபுலினும் தீவிர சிகிச்சைப் படுக்கையும் ஒரு தொழிலாளர் குடும்பத்தைக் கடனில் மூழ்கடிக்கப் போதுமானவை. மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறும் தொழிலாளர்களுக்கு இஎஸ்ஐ பாதுகாப்பு உண்டு. ஆனால், அதன் வழக்கமான நோய்க்கால உதவி 70 விழுக்காடு ஊதியம் வீதம் ஆண்டுக்கு 91 நாள்களுக்கே. இந்நோயிலிருந்து முழுமையாகத் தேற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நீண்டகால நோய்களுக்கான கூடுதல் உதவி இத்தொழிலாளர்களுக்கு இழுபறியின்றிக் கிடைக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை வழங்கும் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், எதிர்ப்பொருள் சோதனை, ஸ்கேன், மருந்து, கட்டி அகற்றும் அறுவை ஆகிய அனைத்தும் ஒரே தொகுப்பாக வர வேண்டும். சோதனைக்கு ஓர் ஒப்புதல், மருந்துக்கு மற்றோர் ஒப்புதல் என்று அலைக்கழித்தால், விரைவு என்ற ஒரே அனுகூலமும் கைநழுவும்.

தொழிற்சாலைகளுக்கும் இதில் பங்குண்டு. ஒரு பெண் திடீரென வேலையில் தடுமாறினால், பேச்சு மாறினால், விடுதியில் இரவெல்லாம் விழித்து அலறினால், ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் தட்டச்சு செய்யப்படும் முன்னர் மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். தேறி வரும் பெண்ணுக்கு அவளுடைய இடம் காத்திருக்க வேண்டும். பைத்தியம் என்ற பட்டம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், நோய் போன பிறகும் அது போவதில்லை; வேலையையும் மணவாழ்வையும் சேர்த்தே பறித்துவிடும்.

என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சி அரிய நோய்தான். அரிய நோய்க்கு இவ்வளவு ஏற்பாடா என்ற கேள்வி எழலாம். கலிபோர்னியாவில் நடந்த மூளை அழற்சி ஆய்வுத் திட்டத்தில், 30 வயதுக்கு உட்பட்டவர்களிடம் ஹெர்பிஸ் உள்ளிட்ட எந்தத் தனி வைரஸையும்விட இந்நோயே அதிகமாகக் காணப்பட்டதாக 2012-இல் தெரியவந்தது. தேடத் தொடங்கிய பிறகே அது அவ்வளவு அரிதன்று என்பது புரிந்தது. நம் நாட்டிலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதி வருகின்றன. சிறப்பு மருத்துவமனையை எட்டியவர்கள் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். எட்டாதவர்கள் மனநோயாளி என்றோ, காரணம் தெரியாக் காய்ச்சலில் இறந்தவர் என்றோ வேறு கணக்கில் போய்விட்டார்கள்.

1955-இல் வேலூர் மருத்துவர்களிடம் இன்றைய கருவிகள் இல்லை. கேள்வி மட்டும் இருந்தது. இன்று கருவி வட்ட மருத்துவமனை வரை வந்துவிட்டது. திடீரென நிலைகுலைந்த ஓர் இளம்பெண் வாசலில் கொண்டுவந்து நிறுத்தப்படும்போது, இவளுடைய சினைப்பையைப் பார்த்தாயிற்றா என்று ஒருவர் கேட்க வேண்டும். மனநல மருத்துவரோ, நரம்பியலரோ, பயிற்சி மருத்துவரோ, யார் கேட்டாலும் சரி. அந்தக் கேள்வியை வழக்கமாக்குவதே முதல் சிகிச்சை.